வந்து சேர்ந்தவரும் நாட்டவரே

ரக்பிப் பந்தாட்டத்தின் உலகக் கோப்பைப் போட்டி நெருங்குகிற காலங்களிலெல்லாம், பத்திரிகைகளிலும் ரசிகர்களின் சம்பாஷணைகளிலும் ஓர் ஆட்சேபம் தவறாமல் தலைதூக்குகிறது. ஒரு நாட்டின் அணியில் அந்த நாட்டில் பிறந்தவர்களே ஆட வேண்டும் என்றும், வேறெங்கோ பிறந்து, பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்து, சில ஆண்டுகள் வசித்த ஒரே காரணத்தால் அந்நாட்டுச் சட்டையை அணிந்துகொள்பவர் கூலிப்படைச் சிப்பாய்க்கு ஒப்பானவர் என்றும், அவருடைய விசுவாசம் விலைக்கு வாங்கப்பட்டதாகையால் அவர் ஈட்டித் தரும் வெற்றியில் அந்த நாட்டுக்கு உண்மையான பாத்தியதை கிடையாது என்றும் சொல்லப்படுகிறது. இப்படிச் சொல்பவர்கள் துர்நோக்கம் உடையவர்கள் அல்லர். பெரும்பாலோர் ஆட்டத்தை உள்ளன்போடு நேசிப்பவர்கள். ஆயினும் அவர்களுடைய அபிப்பிராயம் அடிப்படையிலேயே தவறு என்பது என் துணிபு; அதைக் காரணங்களோடு மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த விவாதத்தை வெறும் தத்துவமாக நடத்துவதில் பயனில்லை; ஒரு மனிதருடைய வாழ்க்கையை முன்னிறுத்திப் பேசுவதே நியாயமாகும். மைக்கேல் லீச் 1988-ஆம் ஆண்டு நியூஜிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் பிறந்தார். தந்தை நியூஜிலாந்துக்காரர், தாயார் பிஜித் தீவைச் சேர்ந்தவர். 2004-இல், பதினைந்து வயதுச் சிறுவனாக, ஜப்பானின் வடகோடியிலுள்ள ஹொக்கைடோ தீவுக்கு வந்து, சப்போரோ நகரத்தின் யமனோதே உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அப்போது அவரை விலை பேச ஒருவரும் இல்லை. பேசுவதற்கு அவரிடம் புகழும் இல்லை, உடற்கட்டும் இல்லை. ஒல்லியான பையன், மொழியும் பிடிபடவில்லை. சுஷிக் கடை நடத்திய ஒரு குடும்பத்தார் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போட்டார்கள். அவருடைய பெற்றோரின் வீடு நியூஜிலாந்தில் தீப்பற்றி எரிந்துபோன செய்தி வந்தபோது, பள்ளியைச் சேர்ந்தவர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி அவரிடம் கொடுத்தார்கள். பிறகு தோக்காய் சர்வகலாசாலை. அதன்பின் தோஷிபா கழகம். 2008-இல், இருபது வயதில், ஜப்பானிய அணிக்காக முதன்முதலில் ஆடினார். 2013-இல் ஜப்பானியப் பிரஜையானார். அந்த அணியில் ஆடுவதற்குக் குடியுரிமை வேண்டும் என்று ரக்பிச் சட்டம் கேட்கவில்லை என்பதையும், ஐந்தாண்டுகளாக அது இல்லாமலேதான் அவர் ஆடிக்கொண்டிருந்தார் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். எவரும் கேட்காத ஒன்றைத் தாமாக விரும்பி ஏற்று, குடும்பப் பெயரை முன்னே வைத்து எழுதும் அந்நாட்டு வழக்கப்படி தம் பெயரின் வரிசையையும் மாற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டே அணித் தலைவரானார்.

இந்த மனிதர் சட்டப்படி மூன்று நாடுகளில் எதற்கும் ஆடியிருக்கலாம்: பிறப்பால் நியூஜிலாந்துக்கு, தாய்வழியில் பிஜிக்கு, வாசத்தால் ஜப்பானுக்கு. அவர் பிஜிக்காக ஆடியிருந்தால் ஆட்சேபக்காரர் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார். தாயின் இரத்தம் தாயின் தேசத்துக்கு ஆடுகிறது என்று பாராட்டியே இருப்பார்கள். ஆனால் பிஜியிலா அவர் பள்ளிக்குப் போனார்? பிஜியின் பனியிலா விடியற்காலையில் ஓடிப் பழகினார்? மீசை அரும்பும் வயதில் ஒருவனை மனிதனாக்குகின்ற வெட்கமும் பசியும் நட்பும் தோல்வியும் எந்த ஊரில் அவருக்கு வாய்த்தனவோ, அந்த ஊர் அவருக்கு அந்நியம் என்றும், அவர் வளராத ஒரு தீவு அவருக்குச் சொந்தம் என்றும் தீர்ப்புச் சொல்லுகிற வாதம், மனித சுபாவத்தை அறியாத வாதம் அல்லவா?

ரக்பியின் உலகச் சட்டம் ஒருவருடைய பிறப்பையோ, பெற்றோரின் பிறப்பையோ, பாட்டன் பாட்டியரின் பிறப்பையோ, தொடர்ந்த வாசத்தையோ ஆதாரமாக ஏற்றுக்கொள்கிறது. ஆட்சேபமெல்லாம் கடைசி ஆதாரத்தின் மீதே பாய்கிறது. பாட்டனார் என்ற ஆதாரம் எவ்வளவு பலவீனமானது என்பதை 2000-ஆம் ஆண்டில் வெளியான விவகாரம் பிரத்தியட்சமாகக் காட்டியது. வேல்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்த ஷேன் ஹோவர்த், பிரெட் சிங்கின்சன் என்ற இரண்டு நியூஜிலாந்துக்காரர்களுக்கும் வேல்ஸில் பிறந்த பாட்டனாரோ பாட்டியோ இல்லை என்று தெரிய வந்தது. இருவரும் அணியை விட்டு விலக நேர்ந்தது. பின்னர் சிங்கின்சன் மீண்டும் வேல்ஸ் அணிக்குத் திரும்பினார். இம்முறை அவருக்குப் பாட்டனார் தேவைப்படவில்லை. நீத் நகரத்துக் கழகத்தில் ஆடி, அந்த மக்களிடையே வாழ்ந்த ஆண்டுகளே போதுமானவையாயின. காகிதத்தில் இருந்த பாட்டனார் பொய்யாய்ப் போனார்; நீத் நகரத்துத் தெருவில் அவர் நடந்த நடை மெய்யாய் நின்றது. இரண்டில் எது உறுதியான பந்தம் என்று கேட்டால் என்னால் ஒரு பதிலையே சொல்ல முடியும்.

விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்தில் நடந்த ஆட்டத்தைப் பற்றி அவசியம் பேச வேண்டும். ஒரு பக்கம் இரண்டு முறை உலகக் கோப்பை வென்ற தென்னாப்பிரிக்கா. மறுபக்கம், அதுவரை நடந்த உலகக் கோப்பைகள் அனைத்திலும் சேர்த்து ஒரே ஓர் ஆட்டத்தில், 1991-இல் ஜிம்பாப்வேக்கு எதிராக, வென்றிருந்த ஜப்பான். எண்பது நிமிஷங்களும் முடியும் தறுவாயில் கணக்கு 32-க்கு 29 என்று தென்னாப்பிரிக்காவுக்குச் சாதகமாக நின்றது. அப்போது ஜப்பானுக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி, ஆட்டம் சமநிலை, ஜப்பானிய ரக்பியின் சரித்திரத்திலேயே அதற்கு ஈடான கௌரவம் இல்லை. பயிற்சியாளர் எடி ஜோன்ஸ் உதைக்கச் சொன்னார். அணித் தலைவர் லீச் அதை ஏற்கவில்லை. சமநிலை வேண்டாம், வெற்றியே வேண்டும் என்று தீர்மானித்து, ஸ்க்ரம் கேட்டார்: இரு அணிகளிலும் எட்டெட்டுப் பேர் தலையைத் தாழ்த்தித் தோளோடு தோள் பூட்டி முட்டித் தள்ளுகின்ற அந்தப் பலப்பரீட்சையை, தங்களைவிடக் கனமான ஆட்களுக்கு எதிராக, களைத்துப்போன கால்களோடு கேட்டார். தோற்றிருந்தால் அந்தத் தீர்மானத்துக்கான பழி முழுவதும் வெளிநாட்டில் பிறந்த ஒருவர் தலையில் விழுந்திருக்கும். அது அவருக்குத் தெரியாததன்று. பந்து ஜப்பானிய ஆட்டக்காரர் ஹிவாசாவின் கையிலிருந்து கிளம்பி, இடமும் வலமுமாக அலைந்து, அவர் தோழர் ததேகாவாவின் நீண்ட வீச்சில் தொங்காவில் பிறந்த அமனாக்கி மாஃபியிடம் சேர்ந்தது. அவர் தம்மைப் பிடிக்க வந்தவரை ஒரு கையால் தள்ளிவிட்டு வெளிப்புறத்தில் ஓடிவந்த கார்ன் ஹெஸ்கெத்திடம் கொடுத்தார். நியூஜிலாந்தில் பிறந்த ஹெஸ்கெத் இடது மூலையில் கோட்டுக்கு அப்பால் பாய்ந்து பந்தைத் தரையில் ஊன்றினார்; ரக்பியில் ட்ரை எனப்படுவது இதுவே. 34-க்கு 32.

அந்தச் சில விநாடிகளில் பந்து கை மாறிய ஒவ்வொரு தடவையும் யார் எந்த ஊரில் பிறந்தார் என்று பிரித்துப் பார்ப்பதற்கு ஒருவருக்கு மனம் வருமானால், அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, ஜாதகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றே சொல்ல வேண்டும். ஜப்பானிலேயே அப்படிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அணியில் அந்நியர் மிகுதி என்று முணுமுணுப்பு எழுந்தது. அதற்குப் பதில் சொன்னவர் வெளிநாட்டவர் அல்லர். பிரைட்டனில் 24 புள்ளிகளைக் குவித்து, அந்த மாதம் முழுவதும் ஜப்பானியர் நாவிலெல்லாம் பெயராக இருந்த அயுமு கொரோமாரு, தம் மீது விழுந்த வெளிச்சத்தை அயல்நாட்டில் பிறந்த தோழர்கள் மீதும் திருப்ப வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். தாங்கள் பிறந்த நாட்டைக் காட்டிலும் ஜப்பானைத் தேர்ந்துகொண்டு ஜப்பானுக்காகப் போராடுகிறவர்கள் அவர்கள் என்று எடுத்துச் சொன்னார். ஸ்க்ரம்மில் யாருடைய கழுத்து யாருடைய பாரத்தைத் தாங்குகிறது என்பது அதற்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். வெளியே நிற்கும் நாம் அவர்களைக் காட்டிலும் மானம் மிகுந்தவர்களாகப் பாவித்துக்கொள்வது தகாது.

2019-இல் உலகக் கோப்பை ஜப்பானிலேயே நடந்தபோது, 31 பேர் கொண்ட அணியில் ஏறக்குறையச் சரிபாதிப் பேர் அயல்நாடுகளில் பிறந்தவர்கள். அவர்களில் ஒருவர் கு ஜி வொன். சியோல் நகரத்தில் பிறந்த கொரியர். ஸ்க்ரம்மின் முன்வரிசையில் நின்று தாங்குபவர். அவர் தந்தையாரும் கொரிய அணிக்காக ஆடியவர். ஜப்பானுக்கும் தென்கொரியாவுக்கும் இடையே பழைய காயங்கள் மறுபடியும் வெடித்து, வர்த்தகப் பூசலாகி, இரண்டு அரசாங்கங்களும் முகம் கொடுத்துப் பேசாத வருஷம் அது. ஹகிபிஸ் புயல் நாட்டைச் சூறையாடிய மறுநாள், அக்டோபர் 13 அன்று, யோகோஹாமாவில் ஸ்காட்லாந்தோடு ஆட்டம். முதற் பாதியிலேயே கு காயப்பட்டு வெளியேற வேண்டி வந்தது. அந்தப் பிரம்மாண்டமான உடம்பு குழந்தையைப் போல விம்மி அழுதுகொண்டே களத்தை விட்டு நடந்ததைப் பார்த்த எவருக்கும், அந்தக் கண்ணீர் எந்தத் தேசத்துக் கண்ணீர் என்று கேட்கத் தோன்றியிராது. ஜப்பான் 28-க்கு 21 என்று வென்று, முதல் தடவையாகக் கால் இறுதிக்குள் நுழைந்தது. ராஜதந்திரிகள் செய்ய இயலாததை ஆட்டக்காரர் செய்துவிட்டார் என்று மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. விலைக்கு வாங்கப்பட்ட விசுவாசம் அப்படி அழாது என்று மட்டும் சொல்கிறேன்.

இனி, ஆட்சேபக்காரர்கள் பெரிதும் நம்பியிருக்கும் வாதம் ஒன்று உண்டு. தேசிய அணி என்றால் தேசத்தின் பிரஜைகள்தானே, குடியுரிமைச் சீட்டே போதுமான அளவுகோல் அல்லவா என்கிறார்கள். ரக்பியின் பூர்வ சரித்திரத்தை மறந்தவர்களுக்கே இது எளிய அளவுகோலாகத் தோன்றும். இந்த ஆட்டத்தின் ஆதி அணிகளான இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் ஒரே குடியுரிமை. எந்தச் சீட்டைக் காட்டி ஒரு ஸ்காட்லாந்துக்காரரை இங்கிலாந்துக்காரரிடமிருந்து பிரிப்பது? அயர்லாந்து அணியோ இரண்டு ராஜ்யங்களிலிருந்து ஆட்களை எடுக்கிறது; டப்ளினில் வரி கட்டுகிறவரும் பெல்ஃபாஸ்டில் வரி கட்டுகிறவரும் ஒரே பச்சைச் சட்டையில் நிற்கிறார்கள். அரசியல் எல்லை வேறு, ஆட்ட எல்லை வேறு என்பது இதன் பிறவியிலேயே ஊறிய சம்பிரதாயம். அதை இன்று ஜப்பானுக்கு மட்டும் குற்றமாகச் சாட்டுவது நியாயமன்று.

ஆட்சேபம் புதியதுமன்று. கிரிக்கெட்டில் நவாநகரத்து ரஞ்சித்சிங்ஜியை 1896-இல் இங்கிலாந்து அணியில் சேர்க்கும் பேச்சு எழுந்தபோது, லார்ட் ஹாரிஸ் அதை விரும்பவில்லை என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. இங்கிலாந்து அணிக்குத் தலைமை வகித்த அந்த லார்ட் ஹாரிஸ் பிறந்த இடம் டிரினிடாட் தீவு. அவர் தந்தையார் அங்கே கவர்னராயிருந்து, பின்னர் நம் சென்னை ராஜதானிக்கே கவர்னராக வந்தவர். ஆளும் குலத்தவர் எங்கே பிறந்தாலும் இங்கிலீஷ்காரராகவே கருதப்பட்டார்கள். நவாநகரத்துக்காரர் எவ்வளவு காலம் இங்கிலாந்தில் ஆடினாலும் அந்நியராகவே தோன்றினார். ரஞ்சியோ மான்செஸ்டரில் தம் முதல் டெஸ்டிலேயே 62-ம், ஆட்டமிழக்காமல் 154-ம் அடித்தார். பிறப்பிடம் என்ற அளவுகோலைத் தூக்கிப் பிடித்தவர்கள் அதைத் தங்களுக்கு ஒருபோதும் வைத்துப் பார்த்ததில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தென்னாப்பிரிக்காவில் நடந்ததும் இவ்வகையைச் சேர்ந்ததே. டெண்டாய் ம்டவரீரா ஜிம்பாப்வேயின் ஹராரே நகரத்தில் பிறந்து, டர்பனுக்கு வந்து, 2008-இல் தென்னாப்பிரிக்க அணியில் இடம் பெற்றார். மறு வருஷம் பிரிட்டிஷ் லயன்ஸ் அணிக்கு எதிராக டர்பனில் நடந்த ஆட்டத்தில், எதிரணியின் முன்வரிசை நிலைகுலையும்படி அவர் ஸ்க்ரம்மை முன்னுக்குத் தள்ளிய தள்ளலை ரக்பி ரசிகர் இன்றும் நினைவுகூர்கின்றனர். ஆயினும் 2010-இல், அவர் பிரஜையல்லாதவர், அவரை ஆடவிடலாகாது என்று அரசியல்வாதிகள் கிளம்பினார்கள். நல்லவேளையாக அவ்வாண்டே குடியுரிமை வழங்கப்பட்டது. கிளம்பியவர்கள் வென்றிருந்தால் நாடு எதை இழந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்: அவர் ஆடிய 117 டெஸ்ட் ஆட்டங்களில் பெரும்பகுதியை, 2019-இல் யோகோஹாமாவில் இங்கிலாந்தை 32-க்கு 12 என்று வீழ்த்திய இறுதி ஆட்டத்தில், முதல் நிமிஷங்களிலிருந்தே எதிரணியின் ஸ்க்ரம்மை உடைத்த அந்தத் தோள்களை.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்த்தரப்பில் உள்ள உண்மையை மறைப்பது எனக்கு அழகன்று. 1999-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் ஜப்பானுக்காக ஆடிய ஜேமி ஜோசப்பும் கிரேம் பாச்சப்பும், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நியூஜிலாந்துக்காக ஆடியவர்கள். ஒரு நாட்டின் சட்டையைக் கழற்றிவிட்டு இன்னொன்றை அணிவது அக்காலத்தில் எளிதாயிருந்தது, அது சரியன்று, பிறகு அந்த வழி அடைக்கப்பட்டதும் சரியே. (அந்த ஜேமி ஜோசப்பே பின்னாளில் பயிற்சியாளராகத் திரும்பி வந்து, 2019-இன் கால் இறுதி வரை ஜப்பானை அழைத்துச் சென்றார் என்பதையும் கூறாமல் விட முடியாது.) அதுபோலவே, மூன்றாண்டு வாசம் போதும் என்றிருந்த காலத்தில், சில சங்கங்கள் அந்த மூன்றாண்டையே கணக்கிட்டு வெளிநாட்டு இளைஞர்களை ஒப்பந்தம் செய்தன. அந்தக் கெடுவை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக உயர்த்த 2017-இல் தீர்மானமாயிற்று. அதை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். வாசம் என்பது உண்மையான வாழ்க்கையாக இருக்க வேண்டும் என்பதுதானே என் வாதமும்!

ஆனால் அந்த மூன்றாண்டுத் திட்டத்தில் வந்தவர்களையும் ஏசுவதற்கு நான் உடன்பட மாட்டேன். சி. ஜே. ஸ்டாண்டர் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். 2012-இல் அயர்லாந்தின் மன்ஸ்டர் அணிக்கு வந்தார். 2016-இல் அயர்லாந்துக்காக ஆடத் தொடங்கினார். அவ்வாண்டு நவம்பரில் சிகாகோவில் அயர்லாந்து 40-க்கு 29 என்று நியூஜிலாந்தை வென்றது. 1905 முதல் 111 ஆண்டுகளாகக் கைகூடாத அந்த வெற்றியில் ஒரு ட்ரை அவருடையது. 2021-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுக் குடும்பத்தோடு தென்னாப்பிரிக்கா திரும்பினார். உடனே, பார்த்தீர்களா, வேலை முடிந்ததும் போய்விட்டார் என்றார்கள். ஒருவர் ஐந்தாண்டுக் காலம் 51 ஆட்டங்களில் தம் உடலை ஒரு நாட்டுக்காகக் கொடுத்துவிட்டு, பிள்ளையைப் பாட்டன் பாட்டியர் அருகே வளர்க்க ஊர் திரும்புவது எந்தத் தர்மத்தில் துரோகமாகும்? டப்ளினில் பிறந்த ஆட்டக்காரர் ஓய்வுக்குப் பின் ஆஸ்திரேலியாவில் குடியேறினால் இவர்கள் அவருடைய பழைய ஆட்டங்களைத் திருப்பிக் கேட்பார்களா?

எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம் பசிபிக் தீவுகளைப் பற்றியது. சமோவா, தொங்கா, பிஜி ஆகிய சிறு நாடுகளின் புதல்வர்களைச் செல்வ நாடுகள் கவர்ந்து செல்கின்றன என்று வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தில் நானும் பங்குகொள்கிறேன். அவர்கள் சொல்லும் மருந்தைத்தான் மறுக்கிறேன். 1991-இல் கார்டிஃப் நகரத்தில் வேல்ஸை 16-க்கு 13 என்று வீழ்த்தி உலகத்தையே வியக்கவைத்த மேற்கு சமோவா அணியில் பாட் லாம், பிராங்க் பன்ஸ் உள்ளிட்ட பலர் நியூஜிலாந்தில் பிறந்தவர்கள். பிறந்த மண்ணுக்கே ஆட வேண்டும் என்ற விதி அன்று இருந்திருந்தால் அந்த வெற்றியே இல்லை. அந்த விதியை இன்று கொண்டுவந்தால் முதலில் மெலிந்துபோவது ஜப்பான் அல்ல, இவர்கள் யாருக்காகக் கண்ணீர் விடுகிறார்களோ அந்தச் சமோவாதான். ஆக்லாந்தில் பிறந்த சமோவாக்காரப் பிள்ளையின் காலைக் கட்டிவிட்டுச் சமோவாவைக் காப்பாற்ற முடியாது.

தீவுகளின் நலிவுக்குக் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. வருகை தரும் அணிக்கு நுழைவுக் கட்டண வசூலில் பங்கில்லை. ஆட்டம் நடத்துகிற சங்கமே முழுவதையும் எடுத்துக்கொள்ளும் என்பது இந்த ஆட்டத்தின் நெடுநாளைய வழக்கம். 2017 நவம்பரில் சமோவா அணி லண்டனின் டிவிக்கன்ஹாம் மைதானத்தில் இங்கிலாந்தோடு ஆடியது. தங்கள் ரக்பிச் சங்கம் திவாலாகிவிட்டது என்று சமோவாவின் பிரதம மந்திரி அறிவித்திருந்த சமயம் அது. அந்த ஓர் ஆட்டத்துக்கு இங்கிலாந்து ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 22,000 பவுனும், சமோவாக்காரருக்கு 650 பவுனும் கிடைக்கும் என்று பத்திரிகைகள் எழுதின. இங்கிலாந்துச் சங்கம் நல்லெண்ணத்தின் பேரில் ஒரு தொகை கொடுத்தது, வழக்கத்தை மாற்றவில்லை. ஊர் விட்டு ஊர் போய் ஆடும் இருபது வயது இளைஞனைக் கூலிக்காரன் என்று பழிக்கும் பேனாக்கள் இந்த வசூலைப் பற்றி ஒரு வரியாவது எழுதட்டும். சமோவாவும் தொங்காவும் பிஜியும் வந்து ஆடுகிற ஒவ்வோர் ஆட்டத்தின் வசூலிலும் அவர்களுக்கு விகிதாசாரப் பங்கு உண்டு என்று உலகச் சங்கத்தைச் சட்டம் இயற்றச் செய்யட்டும். ஆட்டக்காரரின் பிறப்புச் சான்றிதழை அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்.